சீதனமாகப் போன பாட்டு

நான் எழுதிக் கொடுத்த வாசகம் பதினெட்டுச் சொல். நோர்பரியில் ஒரு வீட்டுச் சுவரில் அது வட்ட நினைவுப் பலகையாகப் பதியப்படுவதாக ஏற்பாடு. அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கவுன்சிலின் படிவத்தில், 'ஆய்வு செய்தவர்' என்ற கட்டத்துக்குள் கையெழுத்து வைத்ததும் நான்தான். அந்தக் கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டதால் இன்றைக்கு லண்டனில் பாதித் தமிழர் எங்கள் குடும்பத்தோடு கதைப்பதில்லை. மிச்சப் பாதிக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டின் பெயர் 'எனி ஸ்டொப் வில் டூ'. 1938இல் வந்த ஒரு மலிவான ஆங்கில இசைப்படத்துக்காக எழுதப்பட்டது. ஸ்விங் இசை கொடிகட்டிப் பறந்த காலம். படத்தில் கதாநாயகி இரண்டு மாடி பஸ்ஸின் மேல்தட்டில் நின்று பாடுவாள். வேலை போய்விட்டது, காதலனும் போய்விட்டான், இனி எந்தத் தரிப்பில் இறங்கினாலும் ஒன்றுதான் என்பாள். சொற்கள் அழும், மெட்டு துள்ளும். கொண்டக்டர் மணியை இரண்டு தடவை அடிக்க, அந்த இரண்டு அடியையே தாளமாகப் பிடித்துக்கொண்டு ட்ரம்பெட்டுகள் உள்ளே வரும்.

படம் இரண்டு கிழமைகூட ஓடவில்லை. பாட்டு ஓடியது. நடன மண்டபங்களில் நாலைந்து வருடம் வாசித்தார்கள். குண்டு விழுந்த காலத்தில் ரேடியோவில் போட்டார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் பஸ் தரிப்பிடத்தில் இந்தப் பாட்டுக்கு ஆடி வீடியோ போட்டாள். அவளைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் ஆடியது. அப்போது ஒருவர் பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தார். சொல்லும் இசையும்: பி. சவிரிமுத்து.

வாட்சப் வெடித்தது. 'வெள்ளைக்காரனை ஆட வைத்த யாழ்ப்பாணத்தான்.' 'ஸ்விங் இசையின் தந்தை ஒரு தமிழன்.' ஸ்விங் என்றால் ஊஞ்சல் என்று நினைத்தவர்கள்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஃபோர்வேர்ட் பண்ணினார்கள்.

அந்த பெஞ்சமின் சவிரிமுத்துவின் தங்கை மகன்தான் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் கஸ்பர் அங்கிள். எழுபத்து மூன்று வயது. முன்பு கடைகள் வைத்திருந்தவர், இப்போது இங்குள்ள தமிழர் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கம் எனக்கு யூனிவர்சிட்டியில் மூன்று வருடமும் புத்தகக் காசு தந்தது. சும்மா தரவில்லை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நான் மேடையில் ஏறி, 'நான் ஒரு கிளீனரின் மகள்' என்று தொடங்கி நன்றி சொல்ல வேண்டும். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று செயலாளர் டினேஷ் அண்ணை தாளில் எழுதித் தருவார். முதல் வருடம் அழுதேன். இரண்டாம் வருடம் பல்லைக் கடித்தேன். மூன்றாம் வருடம் அதே வரியைச் சிரித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதற்கு இதுவும் ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டேன்.

வரலாறு படித்து முடித்து, ஒரு சின்ன நூதனசாலையில் ஆறு மாத ஒப்பந்தத்தில் பழம்பொருள் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது கஸ்பர் அங்கிள் கூப்பிட்டார். "பிள்ளை சிவரூபினி, நீ எங்கட பிள்ளை. மாமாவுக்கு நோர்பரி வீட்டில ஒரு பலகை வைக்க வேணும், ஒரு புத்தகமும் போட வேணும். வெள்ளையளிட்டக் குடுக்க விருப்பமில்லை. நீ எழுது."

எழுதினேன். சட்டம் படிக்க 1936இல் கப்பலேறிய பெஞ்சமின், நோர்பரியில் ஒரு விதவையின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியது உண்மை. மாலை வேளைகளில் ஒரு சின்ன நடனக் குழுவில் பியானோ வாசித்ததும் உண்மை. பாட்டுப் பதிவில் அவர் பெயர் இருப்பதும் உண்மை. இந்த மூன்று உண்மைகளையும் ஒட்டுவதற்கு நானே ஒரு பசை தயாரித்தேன்: 'பகலெல்லாம் சட்டம் படித்த களைப்பில், வீட்டுக்காரியின் பியானோவில் அமர்ந்து, ஜன்னலுக்கு வெளியே ஊர்ந்த பஸ்களைப் பார்த்தபடி அவர் இந்த மெட்டைக் கண்டெடுத்தார்.' யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. வாசிக்க அழகாக இருந்தது, எழுதினேன். படிவத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, புத்தகத்தின் அட்டைக்குப் படம் தேடி ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். கஸ்பர் அங்கிளின் வரவேற்பறைச் சுவரில் இயேசுவின் படத்துக்கும் பேரனின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு பழுத்த தாள்கள். முத்திரை ஒட்டி, கையால் நெருக்கி எழுதிய பத்திரம்.

"இதைப் போடு அட்டையில. இதைவிட அத்தாட்சி வேணுமோ?" என்றார். "மாமா ஊருக்குத் திரும்பி வந்து, நாப்பத்தேழில எங்கட அம்மாவுக்கு எழுதிக் குடுத்த சீதன உறுதி. நாலு பரப்புக் காணி, பதினெட்டுப் பவுண் நகை, அதோட இந்தப் பாட்டு. உலகத்தில எவன் பிள்ளை தன்ர தங்கச்சிக்குப் பாட்டைச் சீதனமாக் குடுத்தவன்?"

"வாசிச்சுப் பாத்தனீங்களோ அங்கிள்?"

"உறுதியை ஆர் முழுக்க வாசிக்கிறது? பேர், பரப்பு, எல்லை. மிச்சமெல்லாம் நொத்தாரிசின்ர அலங்காரம். பற்றிஸ் எடு, ஆறப்போகுது."

பற்றிஸ் சாப்பிட்டேன். ஃபோனில் நாலு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு அந்த எழுத்து ஓடவில்லை. முற்றுப்புள்ளி இல்லை, பந்தி இல்லை, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக் கிடந்தது. அம்மா வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் பெயர் நாகேஸ்வரி. இங்கே ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவுகிறாள். பாரிஸுக்கும் பிறகு லண்டனுக்கும் வருவதற்கு முன், சாவகச்சேரியில் காணிப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் ஆறு வருடம் உறுதிப் பிரதி எழுதியவள். சங்கத்தின் மேடைப் பேச்சுத் தாளில் இந்த ஆறு வருடத்துக்கு இடம் இருக்கவில்லை.

ஃபோனில் இருந்த படத்தை நீட்டினேன். "உதைப் பெருப்பி," என்றாள், கையைத் துடைத்துக்கொண்டு. கண்ணாடியைப் போட்டாள். பாட்டுப் போல ஒரே இழுவையில் வாசித்தாள்.

"'…இலண்டன் மாநகரில் நோர்பரி என்னும் இடத்தில் யான் தங்கியிருந்த வீட்டுக்காரியின் மகள் மிஸ் ஐவி ஹாலட் என்பவரால் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு சொல்லும் இசையும் இயற்றப்பட்டு, அவர் வேண்டுகோளின்படி என் பெயரில் பதியப்பட்டு, அன்று தொட்டு என் ஆட்சியிலும் அனுபவத்திலும் இருந்துவருகின்ற ஆங்கிலப் பாட்டொன்றின் வருமானம் முழுவதும்…' எடியே, ஆர் இந்த ஐவி?"

"திரும்ப வாசியுங்கோ."

திரும்ப வாசித்தாள். நான் பக்கத்தில் கிடந்த மின்கட்டணக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுதினேன்.

"நொத்தாரிசு பிழையா எழுதியிருப்பாரோ அம்மா?"

"விசரே உனக்கு? ஒரு பொருளை எழுதிக் குடுக்க வந்தா, இது உனக்கு எப்பிடி வந்தது எண்டுதான் முதல் கேள்வி. முதுசமோ, வாங்கினதோ, ஆரும் தந்ததோ? வந்த வழி எழுதாட்டி உறுதி நிக்காது. நாளைக்கு மாப்பிள்ளை பகுதி வழக்குப் போட்டா நொத்தாரிசின்ர பேரெல்லோ நாறும். எங்கட நொத்தாரிசு ஐயாவெண்டா, சொல்லும்வரைக்கும் பேனையைத் தொடமாட்டார்."

ஆக, இசைத்தட்டுக் கம்பனிக்குச் சொல்லாததை, படக் கம்பனிக்குச் சொல்லாததை, முழு லண்டனுக்கும் சொல்லாததை, யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவருக்கு மட்டும் அந்த மனிதர் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. தங்கையின் சீதனத்தில் வில்லங்கம் வரக்கூடாதே என்று. அதைக் குடும்பம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறது.

அம்மா இன்னும் கீழே போனாள். "'மேற்படி உறுதி சகல தரப்பினருக்கும் என்னால் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு…' ம். அப்ப அவவுக்கும் தெரியும்."

"ஆருக்கு?"

"இம்மாகுலேற்றுக்கு. கஸ்பரின்ர தாய்க்கு. பொம்பிளையையும் பக்கத்தில இருத்தித்தானே வாசிக்கிறது."

அடுத்த பத்து நாளும் லீவு எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களில் கிடந்தேன். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. ஐவி ஹாலட் இருந்தாள். 1939ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே நோர்பரி வீடு, தாய் விதவை, மகள் வயது இருபத்தாறு, தொழில் பியானோ வாசிப்பவர். கீழே வாடகைக்கு இருப்பவர்: சட்ட மாணவர் ஒருவர். அந்தப் படக் கம்பனியின் சம்பளப் பதிவிலும் அவள் பெயர் இருந்தது: ஒத்திகைப் பியானோக்காரி. நடிகைகள் ஆடிப் பழக, ஒரே எட்டு வரியை நாளுக்கு நூறு தடவை வாசிக்கிற வேலை. அவளுடைய வேலை ஒப்பந்தத்தின் படிவமும் கிடைத்தது. ஏழாவது நிபந்தனை: வேலைக்காலத்தில் ஊழியர் ஆக்கும் எதுவும் கம்பனிக்குச் சொந்தம், தனிச் சம்பளமோ பெயரோ இல்லை.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. தன் பெயரில் கொடுத்தால் பாட்டைச் சும்மா எடுத்துக்கொள்வார்கள். வெளியாள் கொண்டுவந்தால் விலையும், பாட்டு ஓடும்வரை வருமானத்தில் பங்கும் கொடுப்பார்கள். கீழ் அறையில் பியானோ தெரிந்த ஒரு வெளியாள் இருந்தார். அவருடைய பெயரில், தான் வேலை செய்கிற கம்பனிக்கே பாட்டை விற்றிருக்கிறாள். கெட்டிக்காரி. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

பிறகு அவர் பெயரையும் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். அவள் திருப்பிக் கேட்டாளா? தெரியாது. இருவருக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா? தெரியாது, இனிமேல் நான் ஒன்றையும் ஊகித்து எழுதப்போவதில்லை. அவள் கல்யாணம் கட்டவில்லை, 1963இல் செத்துப்போனாள், மரணப் பத்திரத்தில் 'பியானோ ஆசிரியை' என்று போட்டிருக்கிறது. இவ்வளவுதான் தெரிந்தது. இவ்வளவே போதுமாக இருந்தது எனக்குக் கொதிப்பதற்கு. என்மேலும்தான் கொதித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஊர்ந்த பஸ்களாம்.

சனிக்கிழமை காலை கஸ்பர் அங்கிளின் வீட்டுக்குப் போனபோது டினேஷ் அண்ணையும் அங்கே இருந்தார். வங்கியில் வேலை. நாற்பது வயது. விடுமுறை நாளிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். நான் மொழிபெயர்ப்பையும் காப்பகப் பிரதிகளையும் மேசையில் வைத்தேன். கஸ்பர் அங்கிள் எழுந்து, சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் வாசிக்கத் தொடங்கினார்.

டினேஷ் அண்ணை காத்திருக்கவில்லை. "சரி, வீட்டுக்காரியின்ர மகள் ஏதோ உதவி செய்திருக்கிறா. அதுக்கு இப்ப என்ன?"

"உதவி எண்டு இல்லை அண்ணை. 'சொல்லும் இசையும் இயற்றப்பட்டு' எண்டு கிடக்கு."

"நொத்தாரிசுக்கு இங்கிலீஷ் மியூசிக்கைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதாலதான் மாமா சொன்னதை அப்பிடியே எழுதியிருக்கிறார்."

"அவவே கேட்டுத்தானே பேரை மாத்தினது? 'வேண்டுகோளின்படி' எண்டு நீயே மொழிபெயர்த்து வைச்சிருக்கிறாய்."

"எங்கட அம்மா இதுக்கு ஒண்டு சொன்னவ. இடம்பெயரேக்க பக்கத்து வீட்டில நகையைக் குடுத்து வைச்சிட்டுப் போறம். திரும்பி வந்து கேட்டா, நீதானே உன்ர கையால தந்தனி எண்டு சொன்னா எப்பிடி இருக்கும்?"

"உங்கட அம்மா ஆர்? ஹொஸ்பிட்டலில தட்டுக் கழுவுற மனிசி. அவவின்ர மொழிபெயர்ப்பைத் தூக்கிக்கொண்டோ கவுன்சிலுக்குப் போகப்போறாய்?"

"மூண்டு வருசம் என்னை மேடையில ஏத்தி 'நான் கிளீனரின்ர மகள்' எண்டு சொல்ல வைச்சனீங்கள் அண்ணை. அப்ப அம்மாவின்ர வேலை உங்களுக்கு வடிவாத் தேவைப்பட்டது. ஃபோட்டோவும் எடுத்துப் போட்டனீங்கள்."

"வாயைப் பார். உன்னைப் படிப்பிச்சது நாங்கள்!"

"படிப்பிச்சது என்னை. வாசிச்சது அம்மா. அவவுக்கு நீங்கள் ஒரு சதமும் குடுக்கேல்லை."

அவர் குரலைத் தணித்தார். வங்கிக்காரரின் குரல் அது, வட்டி வீதம் சொல்லுகிற குரல். "இஞ்சை பார் ரூபினி, ஏன் பிரச்சினை? பலகை அப்பிடியே இருக்கட்டும். புத்தகத்தில உள்ளுக்கு ஒரு பந்தி போடுவம். வீட்டுக்காரியின்ர மகள் ஐவி, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அவரை உற்சாகப்படுத்தினவ எண்டு. எல்லாருக்கும் சந்தோசம்."

பாட்டெழுதியவளைத் தேத்தண்ணி ஊற்ற விடுகிறார். எனக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் கஸ்பர் அங்கிள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"டினேஷ், நீ கொஞ்சம் வெளியில நில் தம்பி."

டினேஷ் அண்ணை கதவைச் சாத்திவிட்டுப் போனார். கஸ்பர் அங்கிள் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். "வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு. அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினதோ?"

"ஓம் அங்கிள்."

"ரேடியோவில இந்தப் பாட்டுப் போனா அம்மா எழும்பி வந்து நிப்பாட்டிப்போடுவா. அண்ணனை நினைச்சு அழுகை வருதாக்கும் எண்டு நாங்கள் இருந்திட்டம்." வரியிலிருந்து விரலை எடுத்தார். "அம்மாவுக்கு அப்ப முப்பத்தொரு வயசு பிள்ளை. மூண்டு இடத்தில பேசிக் குழம்பினது. அப்பா வீட்டார் கேட்டதுக்கு நாலு பரப்புக் காணி காணாது. மாசாமாசம் வாற லண்டன் காசு எண்டு சொன்னபிறகுதான் ஓமெண்டவை. நான் இருக்கிறதே உதாலதான்."

நான் காப்பகப் பிரதிகளை ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன்.

"நான் காசுக்குக் கதைக்கேல்லை. வாற காசை நீ காட்டுற ஆருக்கும் குடுக்கிறன், இண்டைக்கே எழுதித் தாறன். பேரை மட்டும் விடு. செத்த மனிசியைக் கள்ளி ஆக்காதை."

எனக்கு இரக்கம் வந்தது. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது. காசுக்குச் சண்டை பிடித்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். ஒருத்திக்குக் கல்யாணம் கட்டிவைக்க இன்னொருத்தியின் பெயரை உரித்தெடுத்திருக்கிறார்கள். சீதனம் கேட்டவர்கள் வெட்கப்படவில்லை. கொடுத்தவர் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டது எழும்பி வந்து ரேடியோவை நிறுத்திய அந்த ஒரு மனிசி மட்டும்தான். எழுபத்தெட்டு வருடம் கழித்து, இப்போது என்னையும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கச் சொல்கிறார்.

"உங்கட அம்மாவை நான் கள்ளி எண்டு சொல்லேல்லை அங்கிள். ஐவி எழுதினவ எண்டு மட்டும்தான் சொல்லுறன். இரண்டு பேரையும் போடுவம். எழுதினது ஐவி ஹாலட், தன்ர பேரில பதிஞ்சது பெஞ்சமின் சவிரிமுத்து."

"எங்கட பேர் இரண்டாவதோ?"

"ஓம்."

"ஊரைக் கூட்டி, கீழ உள்ள பேரைக் காட்டச் சொல்லுறாய்." அவர் சட்டத்தை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். அது சரிந்து தொங்கியது. "போட்டு வா பிள்ளை. பலகை அப்பிடியே வரும். நீ கையெழுத்து வைச்சாச்சு."

வைத்த கையெழுத்தை எடுக்கவும் முடியும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இருந்தே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் அறிக்கை பிழை, பொறுப்பு என்னுடையது, ஆதாரங்கள் இணைப்பில், பெயரைத் திருத்துங்கள் என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 'சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு நிலவுவதால்' பலகைத் திட்டம் கைவிடப்படுகிறதாம். கருத்து வேறுபாடாம்! நொத்தாரிசின் உறுதியும் சம்பளப் பதிவும் ஒரு பக்கம், வாட்சப் மறுபக்கம், இரண்டும் அவர்களுக்குக் கருத்து. அந்தக் கடிதத்தில் ஐவியின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. உண்மையைச் சொல்லி நான் சாதித்தது, இரண்டு பெயரையும் அழித்ததுதான்.

டினேஷ் அண்ணையின் குரல்பதிவு அன்று பின்னேரமே ஊர் சுற்றியது. 'சொந்த இனத்தின்ர பெருமையை வெள்ளைக்காரிக்குத் தூக்கிக் குடுத்த படிச்ச பிள்ளை' என்று தொடங்கும். அப்பா கடைகளுக்குச் சாமான் இறக்குகிற வான் ஓட்டுகிறவர். ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடையில் அவர் பெட்டியோடு உள்ளே போக, அந்தக் குரல்பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்களாம்.

"நீ சொன்னது சரி பிள்ளை," என்றார் அப்பா சாப்பிடும்போது. "ஆனா சரியைச் சொல்லுறதுக்கும் ஒரு நேரம் கிடக்கு."

"எப்ப அப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அம்மா குழம்புச் சட்டியோடு நின்றாள். "எண்பது வருசம் காணாதாமோ உங்களுக்கு?"

அடுத்த நாள் கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்தேன். நாற்பது நிமிஷம் பியானோ இசை போட்டுக் காக்கவைத்தார்கள். பிறகு வந்த பெண் நல்ல மனிசி, ஆனால் கல். பழைய விண்ணப்பம் செத்தது. ஐவி ஹாலட்டின் பெயரில் புது விண்ணப்பம் போடலாம். ஆதாரம் போதும். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் எல்லோருடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும், முன்பு கொடுத்த சம்மதம் முன்பிருந்த பெயருக்குத்தான். இந்தச் சுற்றை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். தவறினால் அடுத்த சுற்றுக்கு இரண்டு வருடம்.

வியாழக்கிழமை வேலையால் நேரே நோர்பரி வீட்டுக்குப் போனேன். அந்த வீடு இப்போது மாதவன், தாரிணி என்ற இருவருடையது. கோயம்புத்தூர்க்காரர்கள். அவர் ஐ.டி., அவர் மனைவி டாக்டர். கதவைத் திறந்தது மாதவன்.

"நீங்கதானே அந்த நினைவுப் பலகையை கேன்சல் பண்ண வச்சவங்க? ஊர்ல எங்க அப்பா அம்மாகிட்டல்லாம் சொல்லிட்டேங்க. இப்ப என்ன சொல்றது?"

"வேற பேரில வரும் எண்டு சொல்லுங்கோ." படிவத்தை நீட்டினேன். "இதில உங்கட இரண்டு பேரின்ர கையெழுத்தும் வேணும்."

அவர் வாசித்தார். "தமிழர் பேருன்னா ஒரு பெருமை இருந்துச்சு. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா பேரை நம்ம வீட்டுச் சுவத்துல எதுக்குங்க?"

"இது அவவின்ர வீடு."

"ஆமா, எண்பது வருஷத்துக்கு முன்னாடி."

"பலகை அதுக்குத்தானே வைக்கிறது. நேற்று நடந்ததுக்கு ஒருவரும் வைக்கிறேல்லை."

உள்ளேயிருந்து தாரிணி வந்தார். வேலையால் அப்போதுதான் வந்திருக்க வேண்டும், சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அம்மாவின் வாசிப்பிலிருந்து நான் செய்த மொழிபெயர்ப்பை வாங்கி நின்றபடி வாசித்தார்.

"அவங்க போட்டோ ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"சொந்தக்காரங்க?"

"ஒருத்தரும் இல்லை. தேடினனான்."

"அப்புறம் யாருக்காக இப்படி அலையறீங்க?"

நல்லதாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். எனக்குக் களைப்பாக இருந்தது, பசித்தது. "எழுதினது அவ. அவவின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. அவ்வளவுதான்."

தாரிணி கணவனைப் பார்த்தார். "இந்த வீட்டுப் பத்திரத்துல என் பேரு ரெண்டாவதா இருக்குல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"டெபாசிட் யாரு போட்டது?"

"தாரிணி, வெளிய ஆள் நிக்கிறாங்க."

"தெரியுது. யாரு போட்டதுன்னு கேட்டேன்."

"உங்கப்பா. அது கல்யாணத்துக்குச் செஞ்சது. அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடற?"

"சும்மாதான் கேட்டேன்." தாரிணி என்னிடம் பேனையை வாங்கி, படிவத்தைக் கதவில் வைத்து அழுத்தி, முதலாம் கோட்டில் கையெழுத்து வைத்தார். படிவத்தையும் பேனையையும் மாதவனிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. "நாளைக்கு யோசிச்சு சொல்றேங்க."

"நாளைக்கு மூடுறாங்கள்."

"எனக்கு இப்ப மீட்டிங் இருக்கு."

"பரவாயில்லை. நான் நிக்கிறன்."

"இங்கேயா?"

"ஓம். இஞ்சைதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். தாரிணி படிவத்தை என் கையில் திருப்பித் தந்துவிட்டு அவர் பின்னால் போனார். கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருவரும் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வடிவாக. நல்ல சண்டை. நான் பேனையை மூடாமல் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.